எலுமிச்சைச் செதில் பூச்சியும் கொல்லாமையும்

எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு, சாத்துக்குடி மரங்களின் இலையிலும் கிளையிலும் காயிலும் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி வாழும் சிற்றுயிர்களுக்குச் செதில் பூச்சிகள் என்று பெயர். மெழுகும் உரித்த தோலும் சேர்ந்த மூடி ஒன்று மீன் செதில்போல அவற்றின் உடலைப் போர்த்தியிருக்கும். பல வகைகள் கடுகளவுகூட இரா. பூச்சி ஏறிய மரத்தில் இலை மஞ்சள் பூக்கும், கிளை நுனி காயும், பழத்தோலில் புள்ளி விழும். அம்மனுக்கு மாலை கட்டுவோர் பழத்தை உருட்டிப் பார்த்து ஒதுக்குவது இந்தப் புள்ளிக்காகவும்தான். தோட்டக்காரர்களில் பலர் இதைப் பூச்சி என்றே நினைப்பதில்லை. மரத்துக்குச் சொறி பிடித்துவிட்டது என்பார்கள்.

துபாய் நகரின் சத்வா, ஷேக் சாயித் சாலையின் உயர்ந்த கட்டடங்களுக்கும் ஜுமேரா கடற்கரைக்கும் நடுவே கிடக்கும் பழைய குடியிருப்பு. தையற்கடைகளும் சாப்பாட்டுக்கடைகளும் நெருக்கியடித்த அந்தப் பகுதியில், செடிக்கடைகளுக்குப் பேர்போன ஒரு தெருவை 'பிளான்ட் ஸ்ட்ரீட்' என்றே ஊர் சொல்கிறது. தொட்டி எலுமிச்சை அங்கிருந்து வீட்டு முற்றங்களுக்கும் மாடிகளுக்கும் போகிறது. அப்படிப் போன மரம் ஒன்றின் இலையைத் திருப்பி, நடுநரம்பை ஒட்டியிருக்கும் பழுப்புப் புள்ளியை நகத்தால் நெம்பினால், புள்ளி மூடிபோலக் கழன்று வரும். அதன் அடியில் எலுமிச்சை மஞ்சளில், சாறு நிறைந்த ஓர் உடல் இருக்கும். காலும் இல்லை, அசைவும் இல்லை. சொறி என்று எண்ணிய இடத்தில் ஓர் உயிர்!

அதை நசுக்கலாமா என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. கொசு கடிக்கிறது, பாம்பு அச்சுறுத்துகிறது. அவற்றைக் கொல்வோருக்குத் தற்காப்பு என்னும் விடை கையிலேயே இருக்கிறது. செதில் பூச்சி மனிதரை எதுவும் செய்வதில்லை. அது ஓடாது, கத்தாது, துடிப்பதும் கண்ணுக்குத் தெரியாது. முகமே இல்லாத உயிரிடம் இரக்கம் எப்படிப் பிறக்கும்? அதனாலேயே கொல்லாமை என்னும் அறத்தைச் சோதிக்க இதைவிடக் கடினமான உரைகல் அரிது.

ஓரறிவுக்கு இறங்கும் உயிர்

எலுமிச்சை இனத்தைத் தாக்கும் செதில் பூச்சிகளில் சிவப்புச் செதில் பூச்சி உலகெங்கும் அறியப்பட்டது. தாய்ப்பூச்சி குட்டிகளை உயிருடன் ஈனும். நாளுக்கு இரண்டு மூன்றாக, மொத்தம் நூறு நூற்றைம்பது வரை. பிறக்கும் குஞ்சுக்கு ஆறு கால்கள், உணர்கொம்புகள், கண்கள் எல்லாம் உண்டு. மூடியின் விளிம்பு வழியே வெளியேறி, சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை அது ஊர்ந்து இடம் தேடும். பிடித்த இடத்தில், உடலைவிட நீளமான ஊசிவாயை இலைக்குள் இறக்கி, மேலே வெண்மெழுகு நூலைப் பின்னிப் போர்த்திக்கொள்ளும். அத்துடன் அதன் பயணம் முடிந்தது. முதல் தோலுரிப்பில் கால்கள் போய்விடும், உணர்கொம்புகள் வெறும் முளையாகச் சுருங்கிவிடும். பெண் பூச்சி அங்கேயே வளர்ந்து, ஈன்று, மடியும்.

ஆணின் கதை வேறு. அதுவும் காலிழந்து மூடிக்குள் ஒடுங்கும். ஆனால் கடைசிப் பருவத்தில் கண்களும் கால்களும் சிறகும் பெற்று வெளியே வரும். வாய் மட்டும் இராது. உண்ணாமலே சில மணி நேரம் பறந்து, பெண் பரப்பும் மணத்தைப் பின்தொடர்ந்து போய்க் கூடி, இறந்துவிடும்.

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்துவது தமிழில் மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியத்தின் மரபியல், தொடுவுணர்வு மட்டும் உள்ள புல்லையும் மரத்தையும் ஓரறிவிலும், நத்தை இனத்தை ஈரறிவிலும், கறையான் எறும்புகளை மூவறிவிலும், நண்டு தும்பிகளை நாலறிவிலும் வைக்கிறது. சமணமும் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்து, புலன் ஏறஏறக் கொலையின் பாரமும் ஏறும் என்று கணக்கிட்டது. இந்த ஏணியில் செதில் பூச்சியை எந்தப் படியில் நிறுத்துவது? குஞ்சாக இருக்கையில் எறும்பின் படியில் நிற்கிறது. முதிர்ந்த பெண், தான் ஒட்டியிருக்கும் மரத்தைப் போலவே ஏறக்குறையத் தொடுவுணர்வு மட்டுமாக ஒடுங்கிவிடுகிறது. சிறகு முளைத்த ஆண் தும்பியின் படிக்கு ஏறுகிறது. ஒரே பிறவிக்குள் படிகள் மாறுகின்றன.

புலன் குறைந்தால் உயிரின் மதிப்பும் குறையும் என்று கொண்டால், குஞ்சாக இருந்தபோது கொல்லத் தகாத உயிர் இரண்டு வாரம் கழித்துக் கொல்லத் தக்கதாகிவிடும். இதை எந்த அறமும் ஒப்பாது. ஆகவே புலன்களின் கணக்கு, எந்த உயிரிடம் எவ்வளவு கவனமாக நடக்க வேண்டும் என்பதைக் காட்டும் வழிகாட்டி. எந்த உயிர் வாழலாம், எது சாகலாம் என்று தீர்ப்பு எழுத அது போதாது.

பீடை என்னும் பெயர்

பயிரைக் கெடுக்கும் பூச்சியைத் தமிழில் பீடை என்றும் சொல்வதுண்டு. இலங்கைத் தமிழில் பூச்சிமருந்துக்குப் பீடைநாசினி என்றே பெயர். இதே சொல் துன்பத்தையும் கெட்ட காலத்தையும் குறிக்கும். உயிருக்கு இப்படி ஒரு பெயரை வைத்தவுடன் அது உயிர் என்னும் நினைவு மறைந்து, கழிக்க வேண்டிய தோஷமாக மனத்தில் பதிந்துவிடுகிறது. செதில் பூச்சி இனத்தின் வரலாறு இந்தப் பெயரை ஏற்கவில்லை.

அரக்கு தருவது ஒரு செதில் பூச்சி. பாண்டவர்களுக்குக் கட்டியதாகப் பாரதம் சொல்லும் அரக்கு மாளிகை முதல், பொற்கொல்லர் பட்டறை, கடித முத்திரை, வளையல் வரை அந்தப் பூச்சியின் சுரப்பையே நாடு நம்பியிருந்தது. மத்தியதரைக் கடலோரக் கருவாலி மரங்களில் வாழும் வேறொரு செதில் பூச்சியைக் காயவைத்து அரேபியர் செஞ்சாயம் எடுத்தனர். அச்சாயத்தின் பெயர் கிர்மிஸ். ஆங்கிலத்தின் கிரிம்சன் அதிலிருந்து பிறந்தது. கிர்மிஸ் என்ற சொல்லோ, பாரசீகத்தின் வழியே, கிருமி என்னும் வடசொல்லின் வேருக்குப் போய்ச் சேர்கிறது. தமிழில் நோயைக் குறித்து நிற்கும் ஒரு சொல் அரபு நாட்டில் அரச உடையின் நிறமாகியிருக்கிறது.

மோசேயின் மக்களுக்குப் பாலைவனத்தில் இறைவன் இறக்கியருளிய உணவை பைபிள் மன்னா என்கிறது. குர்ஆன் அதை மன்னு என்று குறிப்பிடுகிறது. 1927-இல் சினாய் தீபகற்பத்துக்குச் சென்ற பூச்சியியலாளர் ஃபிரெடெரிக் போடன்ஹைமர், அங்குள்ள தார்ஃபா மரங்களில் சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகள் கழிக்கும் இனிப்புத் துளிகள் பாலைவனக் காற்றில் உறைந்து, உண்ணத்தக்க மணிகளாவதைப் பதிவு செய்தார். வேதம் சொல்லும் மன்னா இதுவாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. இறையருளாக ஏற்போரின் நம்பிக்கையை இந்தக் கருத்து குறைக்காது. அருள் ஒரு சிற்றுயிரின் வழியாகவும் இறங்கலாம். மத்திய கிழக்கின் எலுமிச்சை இனப் பூச்சிகளைப் பற்றிய பெருநூலை 1951-இல் எழுதியவரும் இதே போடன்ஹைமர்தான். பீடையைப் பற்றியும் மன்னாவைப் பற்றியும் ஒரே கை எழுதியிருக்கிறது.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், கொச்சினீல் என்னும் சாயப்பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்தது நல்ல சாயம் தராத வேறு இனம். வணிகம் தோற்றது. ஆனால் அந்தப் பூச்சி சப்பாத்திக்கள்ளியின் ஒரு வகையைத் தின்று தீர்ப்பதை மக்கள் கண்டனர். 1830களில் அதைத் தென்னிந்தியாவில் வேண்டுமென்றே பரப்பினார்கள். களையை அழிக்கப் பூச்சியை ஏவிய முதல் முயற்சிகளில் ஒன்றாக உலக வேளாண் வரலாறு இதைக் குறிக்கிறது. மற்றொரு வகைக் கள்ளியை ஒழிக்க 1926-இல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனம் வந்தது. நிலத்தை மீட்டுக்கொண்ட உழவருக்கு அந்தப் பூச்சி தெய்வத்தின் துணை. கள்ளிக்கு அதுவே பீடை.

ஆகவே பீடை என்பது உயிரின் இயல்பைச் சொல்லும் சொல்லாகாது. ஓர் உயிர் எந்த இடத்தில், எந்த எண்ணிக்கையில், யாருடைய தேவைக்கு எதிராக நிற்கிறது என்பதையே அது சொல்கிறது. அந்த இடத்துக்கு அது எப்படி வந்தது என்பதும் கேட்கத்தக்கது. குஞ்சுப்பருவம் தாண்டிய பெண் பூச்சி ஓரடிகூட நகராது. 1890-இல் பேரீச்சங்கன்றுகளோடு வெண்செதில் பூச்சியைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் மனிதர்கள். அதை அங்கே வேரறுக்க 1936 வரை பாடுபட வேண்டியிருந்தது. எலுமிச்சையின் பகைகளும் கன்றோடும் பழத்தோடும் கப்பலேறியே கண்டம் கடந்தன. கொண்டுவந்தவருக்கும் இந்தக் குற்றத்தில் பங்கு உண்டு.

அறநூல்களின் விடை

கொல்லாமையை மிகக் கடுமையாகக் கடைப்பிடிக்கும் சமணம், உழவரைப் பற்றி என்ன சொல்கிறது? திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டங்களில் வாழும் தமிழ்ச் சமணர் பலர் தலைமுறை தலைமுறையாக நிலம் உழுபவர்கள். அவர்களுடைய மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. துறவிக்கு எவ்வுயிரையும் வருத்தாமை முழு நோன்பு. இல்லறத்தாராகிய சாவகருக்கு அதே நோன்பு அளவுபட்டது. இம்சையை நான்காகப் பகுக்கிறார்கள்: கொல்ல வேண்டும் என்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதைச் சாவகர் முற்றிலும் விட வேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். மரத்தைக் காக்கும் வேலையில் பூச்சி சாவது மூன்றாம் வகை.

உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் என்னும் சமண நூல் இம்சைக்குத் தரும் இலக்கணம் இன்னும் கூர்மையானது. கவனமின்மையோடும் ஆசையோடும் செய்யும் செயலால் உயிரைப் பிரிப்பதே இம்சை என்பது அதன் கருத்து. உயிர் போனதா என்பதோடு, செய்தவர் விழிப்போடு இருந்தாரா என்பதும் கணக்கில் வருகிறது. பௌத்தமும் இதற்கு அருகில் நிற்கிறது. எண்ணமே வினை என்பது புத்தர் போதனையின் அடிப்படை. மண்ணைத் தோண்டுவதையும் செடியைச் சிதைப்பதையும் துறவிக்கு விலக்கும் விநய ஒழுக்க விதிகள், அந்த விலக்கை உழவர்மேல் சுமத்தவில்லை.

வைதிக மரபு வீட்டையே கொலைக்களமாகக் கண்டது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்திலும் அறியாமல் உயிர்கள் சாகின்றன என்று மனுஸ்மிருதி சொல்லி, அதற்குக் கழுவாயாக நாள்தோறும் ஐந்து வேள்விகளை வகுக்கிறது. எல்லா உயிர்களுக்கும் உணவிடும் பூதவேள்வி அவற்றில் ஒன்று. வாசலில் அரிசிமாவுக் கோலம் இட்டால் எறும்புக்கு உணவாகும் என்று தமிழ் வீடுகளில் சொல்வது இந்த எண்ணத்தின் எளிய வடிவம். வாழ்வதற்குக் கொஞ்சம் கொல்ல நேர்கிறது. அதை மறுக்காமல் கடனாக ஏற்று, நாள்தோறும் கொஞ்சம் திருப்பித் தர வேண்டும் என்பதே இதன் சாரம்.

வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் தந்து, அதை அறங்களின் முன்வரிசையில் வைத்தார். அவரே உழவு அதிகாரத்தில், எருவிட்டுக் களையெடுத்தபின் பயிருக்கு நீரைவிடக் காவல் முக்கியம் என்று அறிவுறுத்துகிறார். கொடியவரைத் தண்டிக்கும் அரசனுக்குக் களையெடுக்கும் உழவனை உவமையாக்கியவரும் அவரே. கொல்லாமை ஒரு கையிலும் காவல் மறு கையிலும் இருக்க, ஒன்றுக்காக மற்றதை அவர் விடவில்லை. வள்ளலாரின் இரக்கமும் இங்கே இரண்டு பக்கம் இழுபடும். வாடும் பயிரைக் கண்டு உள்ளம் வாடியவர் அவர். பயிர் வாடுவதற்குப் பூச்சியே காரணமானால், சீவகாருண்யம் எந்தப் பக்கம் சாயும்? பசியைத் தீர்ப்பதே சீவகாருண்யத்தின் முதல் வேலை என்று அவர் 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். பலர் பசிக்கு உதவும் மரத்தைக் காப்பது அந்த வேலையோடு சேர்ந்தது என்று கொள்ள இடம் உண்டு.

சத்வாவின் தெருக்களில் ஐந்து வேளையும் பாங்கோசை கேட்கிறது. இஸ்லாம் இந்தக் கேள்வியை அணுகும் முறையும் விரிவானது. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால், அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்கிறது புகழ்பெற்ற நபிமொழி. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்கிறது குர்ஆனின் ஆறாம் அத்தியாயம். எறும்பின் பெயரிலேயே ஓர் அத்தியாயமும் இருக்கிறது. எறும்பு ஒன்று கடித்ததற்காகப் புற்று முழுவதையும் எரித்த இறைத்தூதர் ஒருவரை, இறைவனைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே அழித்துவிட்டாயே என்று இறைவன் கண்டித்ததாக நபிமொழி உண்டு. தீங்கு செய்யும் உயிரைக் கொல்ல அனுமதி இருக்கிறது. அதே நேரம் எல்லாவற்றிலும் செம்மை வேண்டும், கொல்ல நேர்ந்தாலும் வருத்தாமல் கொல்ல வேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது. ஒன்றின் குற்றத்துக்கு ஊரையே எரிக்காதே என்பது மரத்துக்கு மருந்தடிப்பவர் அனைவரும் நினைவில் கொள்ளத் தக்கது.

இந்த மரபுகள் உயிரையும் வினையையும் இறைவனையும் பற்றித் தம்முள் ஆழமாக வேறுபடுகின்றன. ஆனால் நான்கு இடங்களில் ஒத்துப்போகின்றன: தேவை இருக்க வேண்டும், அளவு மீறக்கூடாது, கவனம் வேண்டும், கொடுமை கூடாது.

பிறர் கையால் கொல்வது

மருந்து அடிக்காமல் செதில் பூச்சியை அடக்கும் வழியை இயற்கையே வைத்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சுமெத்தைச் செதில் பூச்சி என்னும் ஆஸ்திரேலிய இனம் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளை அழிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலே 1888-இல் ஆஸ்திரேலியா சென்று, அங்கே அந்தப் பூச்சியைத் தின்னும் சிறு பொறிவண்டைக் கண்டு அனுப்பிவைத்தார். சில நூறு வண்டுகள் பெருகி, இரண்டு ஆண்டுகளுக்குள் தோப்புகளைக் காப்பாற்றிவிட்டன. அதே செதில் பூச்சி 1920களில் நீலகிரியின் சீகை மரங்களில் கேடு செய்தபோது அங்கும் அதே பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். காபியின் பச்சைச் செதில் பூச்சிக்காக 1898-இலேயே வேறொரு ஆஸ்திரேலியப் பொறிவண்டு தென்னிந்தியா வந்துவிட்டது. இன்று மாவுப்பூச்சிக்கு எதிராக அதை வளர்த்துத் தோட்டங்களில் விடுகிறார்கள். சிவப்புச் செதில் பூச்சிக்குப் பகையான ஒரு நுண்குளவி 1950களில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கலிபோர்னியா சென்றது. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள அந்தக் குளவி, பூச்சியின் மூடிக்கடியில் முட்டை இடும். பொரிந்து வரும் புழு, அசைய முடியாத பூச்சியை வெளியிலிருந்து உறிஞ்சித் தீர்க்கும்.

கையால் நசுக்காமல் வண்டை விட்டால் பாவம் தீர்ந்ததா? சமணம் இதற்கு எளிதில் வழிவிடாது. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தவரோடு உடன்படல் ஆகிய மூன்றும் அதன் கணக்கில் வினையே. காசு கொடுத்து வாங்கிய குளவியைத் தோட்டத்தில் திறந்துவிடுவது செய்வித்தல். கை சுத்தமாக இருப்பதைக் காட்டி உள்ளத்தை ஏமாற்ற முடியாது. 1860-இல் சார்லஸ் டார்வின் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுக்களின் உடலை உண்டு வளரும் குளவிகளை அருளாளனான இறைவன் வேண்டுமென்றே படைத்தான் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்று வேதனைப்பட்டார். இறைவனைப் பற்றி அவர் கேட்ட கேள்வியே குளவிப் பெட்டியைத் திறக்கும் தோட்டக்காரரிடமும் நிற்கிறது.

இருந்தும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. முதலாவது, பொறிவண்டும் குளவியும் தமக்குரிய உணவையே தேடுகின்றன. தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் சிலந்தியையும் அவை அழிப்பதில்லை. இரண்டாவது, செதில் பூச்சியை அவை முற்றாக ஒழிப்பதில்லை. உணவு குறைந்தால் அவையும் குறையும். சிறிதளவு செதில் பூச்சியும் சிறிதளவு பொறிவண்டுமாக மரத்தில் ஒரு சமநிலை நிற்கும். மரம் காய்க்கும், பூச்சியின் குலமும் தொடரும். ஒழிப்பதற்கும் அடக்குவதற்கும் அறத்தில் இருக்கும் தூரம் பெரிது. செய்வித்தலின் பொறுப்பு தோட்டக்காரரிடமே இருந்தாலும், அதன் பாரம் வெகுவாகக் குறைகிறது.

கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் மருந்து

இதன் மறுகரையில் நிற்பது, பார்க்காமல் அடிக்கும் மருந்து. 1886 முதல் கலிபோர்னியாவில் எலுமிச்சை இன மரங்களைக் கூடாரத் துணியால் மூடி, உள்ளே சயனைடு வாயுவைச் செலுத்தினார்கள். மரத்தில் இருந்த உயிர் அனைத்தும் செத்தது. முப்பது ஆண்டுகள் போவதற்குள், சில ஊர்களின் சிவப்புச் செதில் பூச்சிகள் அந்த நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டன. இரண்டாம் உலகப் போருக்குப்பின் டி.டி.டி. வந்தது. அது பொறிவண்டுகளை முதலில் கொன்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அடங்கியிருந்த பஞ்சுமெத்தைச் செதில் பூச்சி மறுபடி தோப்புகளில் வெள்ளையாகப் பூத்தது. மூடிக்குள் இருக்கும் உயிரை மருந்து எளிதில் எட்டாது. திறந்த உடலோடு மரத்தைக் காக்க வந்த வண்டையும் குளவியையும் முதலில் எட்டும்.

கவனமின்மையே இம்சை என்னும் இலக்கணம் இங்கே கண்முன் நிற்கிறது. பெரிய கொலை நடந்தது. காக்க நினைத்த மரமும் காப்பாற்றப்படவில்லை. ஒரு பூச்சிக்காகப் புற்றை எரித்த கதையும் இதுவே. அறம் கேட்கும் அளவும் வேளாண்மை கேட்கும் அளவும் இந்த இடத்தில் ஒன்றாகின்றன. இது தற்செயலாக நேர்ந்த ஒற்றுமையன்று. மரம் ஓர் உயிர்க்கூட்டம். அதில் ஓர் உயிரை மட்டும் பார்த்து மற்றவற்றை மறந்தவர் அறத்திலும் தவறுவார், தொழிலிலும் தோற்பார்.

முற்றத்து மரத்தில் கவனத்தின் வரிசை

கவனம் என்பதை வளைகுடா நாட்டு முற்றத்தில் வேலைகளின் வரிசையாகச் சொல்லலாம். முதல் வேலை, கன்று வாங்கும்போதே இலையின் அடிப்பக்கத்தையும் தண்டின் கணுக்களையும் பார்ப்பது. பூச்சியுள்ள கன்றைத் தனியே வைத்துத் துடைத்தபின் மற்ற மரங்களோடு சேர்த்தால், பின்னால் கொல்ல நேரும் ஆயிரங்களை அன்றே தவிர்க்கலாம். எல்லா அறநூல்களும் ஏற்கும் கொல்லாமை இது.

அடுத்தது தூசி. பாலைவனக் காற்று இலைமேல் படிய வைக்கும் மண்படலம் செதில் பூச்சிக்கு அரண். குளவியும் பொறிவண்டும் தூசியில் நடமாட முடியாமல் விலகிவிடும். வாரம் ஒரு முறை குழாய்நீரைப் பீய்ச்சி இலைகளை, குறிப்பாக அடிப்பக்கத்தை, கழுவினால் அவை திரும்பி வரும். ஊரும் குஞ்சுகளும் நீரோடு உதிரும்.

மூன்றாவது எறும்பு. மென்செதில் பூச்சிகளும் மாவுப்பூச்சிகளும் இனிப்பு நீரைக் கழிக்கும். அதன்மேல் கரும்பூசணம் படரும். அந்த இனிப்புக்காக எறும்புகள் பூச்சிகளைக் காத்து நின்று, தின்ன வரும் வண்டுகளை விரட்டும். எறும்பைக் கொல்ல வேண்டியதில்லை. தண்டைச் சுற்றி ஒரு துணியோ தாளோ கட்டி, அதன்மேல் பிசுபிசுப்பான பசையைத் தடவி, தரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிட்டால், எறும்பு மரமேறும் வழி அடைபடும். எறும்புக்குக் கோலமிடும் மரபும், எறும்பைக் காரணமின்றிக் கொல்லாதே என்னும் நபிமொழியும் இந்தப் பசைப்பட்டையில் ஒருங்கே நிறைவேறுகின்றன. எறும்பு தரையில் தன் வேறு உணவைத் தேடிக்கொள்ளும்.

நான்காவது, அடர்ந்து பூச்சியேறிய கிளைகளை வெட்டுவதும், எஞ்சியதை ஈரத்துணியாலோ பழைய பல்துலக்கியாலோ தேய்த்து எடுப்பதும். இங்கே கொலை நேர்கிறது. ஆனால் ஒவ்வொரு மூடியும் கண்ணில் பட்டபிறகே கை அதை எட்டுகிறது. சில மூடிகளில் ஊசி குத்தியதுபோல வட்டத் துளை இருக்கும். குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிய அடையாளம் அது. அத்தகைய இலைகளை விட்டுவைப்பது மரத்துக்கும் நல்லது.

இவ்வளவும் போதாதபோதுதான் எண்ணெய். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிப்பதும், மீனெண்ணெய் ரோசின் சோப்பைப் பயன்படுத்துவதும் தமிழ்நாட்டு உழவர் அறிந்த முறைகள். எண்ணெய் பூச்சியின் மூச்சுத்துளைகளை அடைத்துவிடும். நஞ்சாக நிலத்தில் தங்காது. வளைகுடாவின் கோடையில் எண்ணெய் பட்ட இலை வெயிலில் கருகும் என்பதால், குளிர்மாதங்களின் மாலையே தெளிக்க ஏற்றது. தெளிப்பவரின் உடலும் ஓர் உயிர்தான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலையை அமீரகச் சட்டம் நிறுத்திவைக்கிறது. பூச்சிக்கு இரங்கும் அறம், முகமூடியும் கையுறையும் இல்லாமல் மருந்துப் பம்பைத் தோளில் சுமக்கும் தொழிலாளிக்கு முதலில் இரங்க வேண்டும். கொல்லாமை பேசும் வீட்டுக்காரர் தம் கையால் செய்யாத வேலைக்கும் பொறுப்பாளர் என்பதைச் செய்வித்தல் என்னும் சொல் நினைவூட்டுகிறது.

எஞ்சும் கடன்

செதில் பூச்சியைக் கொல்வது பாவமா என்ற கேள்விக்கு, துறவியின் நோன்பில் நிற்பவருக்கு விடை ஆம் என்பதே. அவர் மரத்தையும் உடைமையாகக் கொள்வதில்லை. மரம் நட்டுப் பிறருக்குப் பழம் தருவதை ஏற்றுக்கொண்டவருக்கு அது தவிர்க்க முடியாத சிறு இம்சை. அதைக் குற்றமே இல்லாததாக எந்த மரபும் ஆக்கவில்லை. அளவுக்குள் நிறுத்தவும், கொடுமையின்றிச் செய்யவும், கடனாக நினைத்துத் திருப்பித் தரவும் மட்டுமே அவை வழி சொல்லியிருக்கின்றன. திருப்பித் தருவதும் மரத்தின் வழியாகவே நடக்கும்: பழத்தில் ஒரு பங்கைப் பிறருக்குக் கொடுப்பது, பறவைக்கு நீர் வைப்பது, குளவி குடியேறிய கிளையை வெட்டாமல் விடுவது, மரத்துக்குக் கேடில்லாத அளவு பூச்சியை அதன் போக்கில் வாழவிடுவது. ஒரு செதில்கூட இல்லாத மரத்தை வேண்டுவதில்தான் அளவு மீறல் தொடங்குகிறது.